கொற்கை மண்ணில் ரோமைத் தேடுவது

இங்கிலாந்தின் வடகோடியில், ஹேட்ரியன் சுவருக்கு அருகே, விண்டோலண்டா என்றோர் இடம் இருக்கிறது. ரோமப் பேரரசின் வட எல்லைக் காவல் கோட்டைகளில் ஒன்று அங்கே இருந்தது. கோட்டையின் இடிபாடுகளை ஒட்டி இப்போது ஓர் அருங்காட்சியகம். பக்கத்தில் பார்டன் மில் என்ற சிற்றூர். 1973இல் அந்தச் சேற்றுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்கள் வரத் தொடங்கின. மையால் எழுதிய கடிதங்கள், கணக்குச் சீட்டுகள். ஒரு கடிதம் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. இன்னொன்று பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கிறது. கணக்குச் சீட்டு ஒன்றில் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே 'மிளகு, இரண்டு தினாரியஸ்' என்ற பதிவு இருக்கிறது. கி.பி. 100ஐ ஒட்டிய கணக்கு அது. லெஜியன் படைவீரனுக்கே அன்றைக்கு நாளொன்றுக்கு ஒரு தினாரியஸ் முழுதாகத் தேறாது. அப்படியிருந்தும் அந்தக் குளிரில் ஒருவன் மிளகு வாங்கித் தின்றிருக்கிறான். அந்த மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்.

வடக்கே எல்லை அதுவென்றால், நம் பக்கம் ரோமின் எல்லை எங்கே முடிந்தது? செங்கடலின் தென்பகுதியில் ஃபராசான் தீவுகள் இருக்கின்றன. இன்று சவூதி அரேபியாவைச் சேர்ந்தவை. அங்கே கிடைத்த இலத்தீன் கல்வெட்டு, கி.பி. 144ஐ ஒட்டி ரோமப் படைப்பிரிவு ஒன்று அங்கே நிறுத்தப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. இந்தியா நோக்கிய கடல்வழியில் அதற்கு அப்பால் ரோமச் சிப்பாய் காவல் நின்றதற்குத் தடயம் கிடையாது. அங்கிருந்து அரபிக்கடலைத் தாண்டி, குமரிமுனையைச் சுற்றி, மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தால்தான் கொற்கை. ஆகவே தூத்துக்குடிக் கடற்கரையில் ரோமைத் தேடுகிறவர் கோட்டையையோ கவசத்தையோ எதிர்பார்க்கக் கூடாது. இங்கே ரோம் வெறும் வாடிக்கையாளர். நிறையப் பணம் வைத்திருந்த, தூரத்து வாடிக்கையாளர்.

தூத்துக்குடி மாவட்டத்தின் பழம்பொருள்களைப் பார்க்க இன்று நல்ல இடங்கள் உண்டு. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளுக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் கிடைத்த இடத்திலேயே கிடக்கின்றன, மேலே நின்று குனிந்து பார்க்கலாம். திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையடியில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கிறது. இவற்றில் ரோமோடு பேச வேண்டியது கொற்கை மட்டும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் சிவகளை நெல்லும் ரோமப் பேரரசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. சிவகளைத் தாழியில் இருந்த நெல்லுக்குக் கரிம ஆய்வு தந்த காலம் கி.மு. 1155. அகஸ்டஸ் சீசர் பிறக்க இன்னும் ஆயிரம் ஆண்டு இருக்கிறது.

கொற்கைக்கு ஏரல் வழியாகப் போகலாம். வாழைத் தோட்டம், நெல்வயல், ஒரு பெரிய குளம், கோயில்கள், ஒரு பழைய வன்னிமரம். துறைமுகம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர் சிரிப்பார். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி செய்த வேலை இது. மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வந்து கழிமுகத்தில் கொட்டிக் கொட்டிக் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போயிற்று. இதை முதலில் விளக்கமாக எழுதியவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே இடையன்குடிக் கால்டுவெல்தான். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்று நூலில், கிரேக்கர்கள் சொன்ன கொல்கோய் இந்தக் கொற்கைதான் என்றும், ஆற்று மண்ணால் துறைமுகம் இடம்பெயர்ந்தது என்றும் எழுதினார். கொற்கை தூர்ந்தபின் வாணிகம் பழைய காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கிய ஊர் அது. பிறகு அதுவும் தூர்ந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் முதன்மை தூத்துக்குடிக்கு வந்தது. பெரிய ஆறு எதுவும் வந்து விழாத கரை, அலையைத் தடுக்கத் தீவுகள். தூத்துக்குடி தூராமல் பிழைத்ததற்கு இவையே காரணம். 1974இல் அங்கே பெருந்துறைமுகம் கட்ட முடிந்ததும் அதனால்தான்.

தொல்லியல் ஆய்வாளருக்கு ஆறு செய்த இந்தக் காரியத்தில் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. ஊர் அழியாமல் வண்டலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஆனால் எந்தக் காலத்தில் கரை எங்கே இருந்தது என்று தெரியாமல் தோண்டினால், படகுத்துறையைத் தேடிக்கொண்டு நெல்வயலில் நிற்க வேண்டியதுதான். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியது. கரிம ஆய்வில் கி.மு. 785 என்று ஒரு காலம் கிடைத்தது. சங்கு அறுத்த துண்டுகள், முத்துச்சிப்பி ஓடுகள், கருப்பு-சிவப்பு மட்கலம், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வந்தன. 2021இல் மறுபடியும் தோண்டினார்கள். அப்போது கட்டுமானங்கள் வெளிப்பட்டன.

இனி எழுத்துச் சான்று. 'எரித்ரியக் கடலின் பெரிப்ளுஸ்' என்ற கிரேக்க நூல் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. எகிப்தில் வாழ்ந்த ஒரு வணிகர் எழுதிய வழிகாட்டி. எந்தத் துறையில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம், எந்த மாதம் கிளம்ப வேண்டும் என்பதே அதன் பேச்சு. கொல்கோயில் முத்துக்குளிப்பு நடக்கிறது, அது பாண்டிய மன்னனுக்கு உட்பட்டது, தண்டனைக் கைதிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. இந்தக் கைதிச் செய்தியைப் பலரும் அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மலபார்க் கரை வரைக்கும் ஆழம், பாறை, நீரோட்டம் என்று கண்ணால் கண்டவர்போல எழுதும் அந்த வணிகர், குமரியைத் தாண்டியதும் கேள்விப்பட்டதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. சங்கப் பாடல்களோ கொற்கையில் முத்தெடுக்கும் பரதவரைத் தொழில் தெரிந்த குடிகளாகக் காட்டுகின்றன. பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், காலால் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, ஒரு மூச்சில் சிப்பி பொறுக்கிக்கொண்டு மேலேறுவது பரம்பரைத் தேர்ச்சி கேட்கும் வேலை. சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த கைதியால் ஆகிற காரியமா அது?

ரோமாபுரியில் இந்த முத்துக்கு இருந்த மதிப்பு பிளினியின் நூலில் தெரிகிறது. கி.பி. 77இல் முடித்த தன் 'இயற்கை வரலாறு' நூலில், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிடமிருந்து கறந்துவிடுகின்றன என்று அவர் புலம்புகிறார். லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு நாலு கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூண்டு வந்ததைத் தானே பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். அதே பிளினி, சிப்பி வாயைத் திறந்து பனித்துளியை வாங்கி முத்தாக்குகிறது என்றும் எழுதினார். நம்மூரில் சுவாதி நட்சத்திர மழைத்துளி என்பார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி தவறியிருக்கிறார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. ஓட்டின் உட்புறம் படர்ந்திருக்கும் மேன்டில் என்ற சதைத்திரைதான் ஓட்டைச் சுரக்கிறது. காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தத் திரையின் செல்கள் சில உள்ளே இடம்பெயர்ந்துவிட்டால், அங்கேயே ஒரு சிறு பையாக வளர்ந்து, ஓட்டின் உட்பூச்சை உருண்டையாகச் சுரக்கத் தொடங்குகின்றன. உருவாகும் பொருள் அரகோனைட் என்ற வடிவிலுள்ள கால்சியம் கார்பனேட். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அந்த அளவுதான் என்பதால், தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் சோப்புக் குமிழியில் தெரிவதுபோன்ற நிறச்சாயலைத் தருகிறது. 1902இல் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளநிலைதான் முத்துக்கு மூலம் என்று அடித்துச் சொன்னார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாணத்தின் முத்து, சங்குக் குளிப்புக்குப் பொறுப்பாக இருந்தார். தூத்துக்குடிக் கடலைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்றும் தேடிப் படிக்கலாம். புழு கட்டாயமில்லை, மேன்டில் செல்தான் கட்டாயம் என்பதற்கு நேரடி நிரூபணம் வளர்ப்பு முத்து. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973இல் அதைச் செய்து காட்டினார். ஒரு மணியையும் வேறு சிப்பியின் மேன்டில் துண்டையும் சேர்த்து உள்ளே வைத்தார். சிப்பி மீதியைப் பார்த்துக்கொண்டது.

முத்தின் வேதியியலைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கார்பனேட் அமிலத்தில் கரையும். தகடுகளை ஒட்டி வைத்திருக்கும் கரிமப் பசை மண்ணில் மக்கும். ஈரமும் புளிப்பும் உள்ள மண்ணில் முத்து நீடிப்பது கடினம். போதாததற்கு, நல்ல முத்தெல்லாம் விலைக்குப் போய்விட்டது. எனவே கொற்கையைப் பணக்கார ஊராக்கிய பொருள் கொற்கை மண்ணில் கிடைப்பது அரிது. மிஞ்சுவது ஓடு. பிங்டாடா ஃபுகாட்டா என்ற முத்துச்சிப்பியைக் கரைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் முத்துக்காகத்தான். குவித்து அழுகவிட்டு, ஈ மொய்த்துச் சதை கரைந்தபின் கழுவி அரித்து முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே இனத்து ஓடுகள், ஏறத்தாழ ஒரே வயதில், குவியலாக ஓர் அகழாய்வுக் குழியில் கிடந்தால் அது சமையல் கழிவு ஆகாது. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தால் சிப்பி எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்றுகூடக் கணிக்க வழியுண்டு. காட்சிப் பெட்டியில் ரோமக் காசுக்கு முன்னால் இந்த ஓட்டை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பார்வையாளர்கள் ஓட்டைப் பார்க்காமல் நேரே காசுக்குத்தான் போவார்கள், அது தெரியும்.

அடுத்தது பானை ஓடு. 'ரோமப் பானை ஓடு கிடைத்தது' என்று செய்தித்தாளில் படிக்கும்போது, யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செம்பளபளப்புக் கிண்ணங்களின் துண்டுகள் அங்கே இருந்தன. செய்தவர் முத்திரையோடு வரும் ஓடுகள் அவை. ஐரோப்பாவில் அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் கடிகாரம் ஓடத் தொடங்கியது அந்த ஓடுகளால்தான். அவற்றோடு இன்னொரு வகையும் வந்தது: உட்புறத் தரையில் பல்சக்கரத்தை ஓடவிட்டதுபோல் வட்டவட்டமாகப் புள்ளிவரிசை போட்ட, மெல்லிய, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சாம்பல் நிறத் தட்டுகள். ரௌலெட்டட் மட்கலம் என்று பெயர். இந்த வேலைப்பாடு மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்று வீலர் கருதினார். அப்புறம் என்ன, இந்தத் தட்டு கிடைத்த ஊரெல்லாம் ரோமத் தொடர்புள்ள ஊராயிற்று.

ஆய்வுக்கூடம் இதைக் கலைத்துப்போட்டது. 1997இல் விஷ்வாஸ் கோக்டே என்பவர் எக்ஸ்-கதிர் முறையால் ஓட்டின் களிமண் கனிமங்களை அளந்து, வங்காளக் கழிமுகத்து மண்ணோடு அவை பொருந்துகின்றன என்றார். 2005இல் வெளிவந்த வேறொரு வேதிப் பகுப்பாய்வு, பல ஊர்களில் கிடைத்த ஓடுகள் ஒரே நிலவியல் மூலத்தைக் காட்டுகின்றன என்று சொல்லி அந்த மூலத்தை இந்தியாவின் வேறு பகுதியில் தேடியது. வங்காளமா, தெற்கா என்ற சண்டை இருக்கட்டும். ரோம் இல்லை, இந்தியா என்பதில் இருதரப்புக்கும் சண்டை கிடையாது. நம்மவர் செய்து, இலங்கைக்கும் தென்கிழக்காசியாவுக்கும், எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் வரைக்கும் அனுப்பிய தட்டு அது. அரைநூற்றாண்டு காலம் அதற்கு வெளிநாட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தோம்.

மதுச்சாடிக் கதை இன்னும் நுட்பமானது. ஆம்போரா என்ற இருகைப்பிடிச் சாடியில் ரோமர்கள் ஒயினும் எண்ணெயும் மீன்சாறும் அனுப்பினார்கள். கைப்பிடித் துண்டு கிடைத்தால் அடையாளம் எளிது. வெறும் வயிற்றுப்பகுதி ஓடு கிடைத்தால்? அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பார்கள். அந்த மெலிவில் கனிமங்கள் ஒளியை விடும். முனைவாக்க நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றும் தனித்தனி நிறம் காட்டும். இத்தாலியின் காம்பானியா வட்டாரத்துச் சாடியில் கரும்பச்சை ஆகைட் பரல்கள் தெரியும். வெசூவியஸ் எரிமலைக் குழம்பு உதிர்ந்த கருமணல் அது. தாமிரபரணிக் கழிமுகத்துக் களிமண்ணில் அந்த மணலுக்கு வேலையில்லை. எனவே சாடி எங்கே பிறந்தது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

உட்பூச்சும் சாட்சி சொல்லும். ரோம ஒயின் சாடிக்குப் பைன் மரக் கீல் பூசுவார்கள். உட்புறம் கரும்பூச்சுள்ள ஓடுகள் இந்தியக் கடற்கரையில் பல இடங்களில் கிடைத்தன. எல்லாம் ரோமச் சாடிகள் என்றே எழுதப்பட்டன. ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகப் போய் இந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். 2007இல் அவர் வெளியிட்ட முடிவு பலருக்கு ஏமாற்றம்: அவற்றில் கணிசமானவை மெசபடோமியா பக்கத்து 'டார்ப்பிடோ' சாடிகள். கைப்பிடி இல்லாதவை, உள்ளே பூசியிருப்பது மரக்கீல் அல்ல, நிலத்தடித் தார். தாரில் உள்ள ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளை வாயு நிறப்பிரிகையால் பிரித்தால் எந்த எண்ணெய் ஊற்றுத் தார் என்றே சொல்லிவிடலாம். ஆக, ரோமக் கப்பல் என்று நாம் நினைத்த இடத்தில் பாரசீக வளைகுடாக் கப்பலும் நின்றிருக்கிறது. கொற்கைக்கும் பெருங்கப்பல்கள் நேரே வந்திருக்கத் தேவையில்லை. மேற்குக் கரை முசிறியில் சரக்கிறக்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்கும், உள்ளூர்க் கலங்களில் குமரியைச் சுற்றியும் அனுப்புவது எளிது. கிழக்குக் கரையோரம் ஓடும் உள்ளூர்க் கப்பல்களைப் பெரிப்ளுஸும் குறிப்பிடுகிறது. இன்றைக்கும் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிப்போகும் தோணிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் வியக்க மாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் சாட்சி உண்டு. எகிப்தின் பெரனிகே துறைமுகக் கோயிலொன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு இந்தியச் சாடியோடு கிடைத்தது. அங்கேயும் இன்னொரு செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம்மவர் அங்கே போயிருக்கிறார்கள் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

காசுக்கு வருவோம். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரே வெட்டு. வெறுப்பில் வெட்டியது என்று நினைக்க வேண்டாம். இந்தத் துண்டு இனிக் காசல்ல, எடைக்குப் பொன் என்று அறிவிக்கும் வெட்டு அது என்பதே பொருத்தமான விளக்கம். வெள்ளிக் காசிலும் நம்மவர் ஏமாறவில்லை. கி.பி. 64இல் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பழைய காசுகளே மிகுந்திருக்கின்றன. தட்டிப் பார்த்தோ உரைத்துப் பார்த்தோ வாங்கியிருக்கிறார்கள். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இன்று சொல்லும் அதே முடிவை அன்றைய காசுக்கடைக்காரர் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வேறு வகைக் காசு வருகிறது: தேய்ந்த, சிறிய, ஓரிரு கிராம் செப்புக்காசுகள். இராமநாதபுரம் அழகன்குளம் அகழாய்விலும், மதுரை, கரூர் ஆற்றுமணலிலும், இலங்கையில் ஆயிரக்கணக்கிலும் கிடைத்தவை. இவற்றைப் பற்றி 1994இல் தனி நூல் எழுதியவர் அன்றைய 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை வெளிக்கொண்டுவந்தவரும் அவரே. பழைய பாத்திரக் கடைகளிலும் ஆற்றில் மணல் அரிப்பவர்களிடமும் கிடைத்த காசுகளைக் காப்பாற்றிப் படித்தார் என்பது பெரிய தொண்டு. ஆனால் ஆற்றுமணலில் கிடைத்த காசுக்கு அடுக்கு கிடையாது. அது எந்த வீட்டுத் தரையில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்தக் கரித்துண்டுக்கு மேலே கிடந்தது என்ற செய்தி ஆற்றோடு போய்விட்டது. இந்த அத்தியாயத்தில் சொன்ன ஆய்வுக்கூட முறைகள் எதுவும் அந்தச் செய்தியைத் திருப்பித் தராது.

எனவே, தாமிரபரணிக் கரையில் உழும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசோ எழுத்துள்ள ஓடோ தட்டுப்பட்டால் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்காதீர்கள். புளி அமிலத்தில் எழுத்தும் போகும், மேற்பூச்சில் ஒட்டியிருக்கும் மண்ணும் போகும். கிடைத்த இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் சொல்கிறது.